தகட்டில் அடித்த விலாசம்

"தொண்ணூத்தேழு நாள்ல நாலாம் மேஜைக்கு ஒரு மெயில்கூட வரல. அதனால சனிக்கிழமையோட பழைய டொமைனை நிறுத்திடலாம்" என்றார் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர்.

கூட்ட அறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். பதினொரு பேர் தலையை ஆட்டினார்கள். ஏசிக் காற்று பட்டால் எதற்கும் தலையாட்டத் தோன்றும் போலிருக்கிறது. நான் ஆட்டவில்லை.

"மூணு மாசமா உலகத்துல ஒரு பிரேக்கும் தேயலையா தம்பி?"

இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. பதவி பெரியது, வயது சின்னது. என் வாயில் தம்பி என்றுதான் வரும். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"தேஞ்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதுக்கா. மெயில் வரலன்றது மட்டும் தெரியும். உங்க பெட்டியைத் திறந்து எண்ணிப் பாத்துட்டேன். சைபர்."

"வராம இருக்காது. நாலாயிரம் ஹாய்ஸ்ட் வெளிய தொங்கிட்டிருக்கு. எல்லாத்துலயும் என் தகடு இருக்கு."

"சனிக்கிழமைக்குள்ள ஒண்ணு வந்தாக்கூட காட்டுங்க. பேசலாம்" என்று அவர் அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அன்று வியாழக்கிழமை.

எங்கள் பட்டறையை இந்தப் பெரிய கம்பெனி வாங்கி, லேத்து, மேஜை, ஆட்கள் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. கட்டட வேலைகளிலும் ஆலைகளிலும் சுமை தூக்கும் ஹாய்ஸ்ட் செய்வதும் பழுது பார்ப்பதும் எங்கள் தொழில். ஒன்றாம் மேஜையில் மோட்டார், இரண்டில் பல்சக்கரம் என்று ஒன்பது மேஜைகள். நாலாம் மேஜை பிரேக். பதினெட்டு வருடமாக அது என் மேஜை. அதற்கு முன்னால் செங்கல் சுமந்தேன். தலைக்கு மேல் தொங்குகிற எதையும் நம்பக் கூடாது என்பதைச் செங்கல் சுமந்த காலத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

பட்டறையில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மேஜை நம்பர்தான். என் புருஷன் ஆறாம் மேஜை, கம்பிவடம். நான் நாலு, அவர் ஆறு. "நாலும் ஆறும் சேந்தா பத்து, சம்பளந்தான் பத்தாது" என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் காது புளித்துவிட்டது.

மெயில் விலாசமும் அதே மாதிரிதான். ஆள் பேரில் வைத்தால் ஆள் போனதும் விலாசம் போய்விடும். ஆள் போவான், மேஜை இருக்கும். அதனால் முன்னால் 4, நடுவில் அந்தச் சுருள் குறி, பின்னால் பட்டறையின் பேர். அந்தப் பின்பாதியைத்தான் டொமைன் என்கிறார்கள். பித்தளைத் தகட்டில் அதை அடித்து ஒவ்வொரு பிரேக் பெட்டியின் மேலும் ரிவிட் வைத்து அனுப்பினோம். மற்ற பாகங்களை எந்த மெக்கானிக்கும் கழற்றலாம். பிரேக் பெட்டியை மட்டும் நாங்களே சீல் வைப்போம். 'சந்தேகம் வந்தால் திறக்காதே, எழுது' என்று தகடு சொல்லும். போன் நம்பர் போடவில்லை. அது மூன்று தடவை மாறியிருந்தது. மெயில் மாறவே மாறாது என்றார் பழைய முதலாளி. பட்டறையை விற்றுவிட்டுப் போகிற வரைக்கும் அவர் வாக்கு பலித்தது.

இங்கே வந்ததும் எங்களுக்குப் புது விலாசம் கொடுத்தார்கள். எனக்குப் பிரேக் என்ற பேரிலேயே ஒரு மெயில் பெட்டி. பழைய விலாசத்துக்கு வருவதும் தானாக இதிலேயே வந்து விழும் என்றார்கள். சரி என்று நம்பினேன். முதல் மாதம் ஒன்றும் வராதபோது, உண்மையைச் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது. இடம் மாறிய களேபரத்தில் புகார் வராமல் இருந்தால் யாருக்குக் கசக்கும்? இரண்டாவது மாதம் லேசாக உறுத்தியது. மூன்றாவது மாதம் தொண்டையில் முள் மாதிரி நின்றது. அப்போதும் நான் எழுந்துபோய்க் கேட்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்துகொண்டே ஆறாம் மேஜை கேட்டார்:

"கூட்டத்துல யாரைக் கடிச்ச? மூஞ்சி இப்படி இருக்கு."

சொன்னேன்.

"விடேன். பிரேக் நல்லா இருக்கு, அதான் யாரும் எழுதல. நீ செஞ்சதை நீயே நம்ப மாட்டியா?"

"நான் செஞ்ச பிரேக்கை நம்புறேன். அதுக்கு எண்ணெய் ஊத்துறவனை நம்பல. லைனர்ல கிரீஸ் தடவுறவன் எத்தனை பேர்னு உங்களுக்குத் தெரியாதா? பழைய இடத்துல வாரத்துக்கு ரெண்டு மெயில் வரும். இங்க வந்ததும் எல்லாரும் திருந்திட்டாங்களா?"

"அப்ப ஒண்ணு பண்ணு. நீயே ஒண்ணு எழுதிப் போடு. எங்க போய் விழுதுன்னு பாப்போம்."

தேவைப்படும்போது இவருக்கு மூளை வேலை செய்யும். கையை உதறிவிட்டு என் சொந்தப் போனை எடுத்தேன். தகட்டில் இருக்கும் விலாசத்தை அப்படியே போட்டு, "ஹாய்ஸ்ட் பிரேக் சம்பந்தமாக. இது யாருக்கு வருகிறது?" என்று எழுதி அனுப்பினேன். என் பிரேக் மெயில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் பத்தாவது நிமிடம் என் சொந்தப் போனுக்கே பதில் வந்தது:

"தங்கள் கடிதம் பதிவு செய்யப்பட்டது. வரிசை எண் 32. பிரேக் சரியில்லாத வண்டிக்கு உள்ளே அனுமதி இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அனுமதிச் சீட்டுடன் ஓட்டுநர் மட்டும் வரவும். இப்படிக்கு, நான்காம் கேட்."

ஆறாம் மேஜை படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் சோறு மூக்கில் ஏறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்திரண்டு என்றால், எனக்கு முன்னால் முப்பத்தொரு பேர்.

நான்காம் கேட் கம்பெனியின் பின்பக்கம் இருக்கிறது, சரக்கு லாரி வருகிற வழி. தகரக் கூண்டு, ஒரு மின்விசிறி, வண்டிச் சீட்டு பார்க்க ஒரு கம்ப்யூட்டர். காவலுக்கு இருந்தவர் முப்பது வருடம் லாரி ஓட்டி, முழங்கால் போய், இங்கே உட்கார்ந்தவர். நான் ஓடிவருவதைப் பார்த்துத் தொப்பியை எடுத்து மாட்டினார்.

"அண்ணே, பிரேக்னு மெயில் வருமே, அதெல்லாம் எங்க?"

"எல்லாம் பதிஞ்சு வச்சிருக்கேம்மா. ஒண்ணுகூட விடல" என்று பெருமையோடு தடித்த நோட்டு ஒன்றைத் திறந்தார். தேதி, நேரம், அனுப்பியவர், விஷயம், பதில். அச்சடித்த மாதிரி கையெழுத்து.

முதல் வரியில், தொண்ணூற்றாறு நாளுக்கு முன், கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து வந்த ஒரே சொல்: சோதனை.

"இதுக்கு ஏன் பதில் போடல?"

"சோதனைக்கு வர்றோம்னு எழுதினா பதிலா போடுவாங்க? அன்னிக்குப் பூரா தொப்பியோட வெறைப்பா நின்னேன். ஒருத்தனும் வரல."

மற்ற முப்பதும் என்னுடையவை. பிரேக் கீச்சிடுகிறது. பிரேக் சூடாகிறது. பிரேக் பிடிக்க நேரமாகிறது. எழுதியவர்களுக்கெல்லாம் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிப் பதில் போயிருந்தது. சிலர் மறுபடி எழுதிக் கெட்ட வார்த்தை போட்டிருந்தார்கள். அதையும் அண்ணன் மரியாதையாகப் பதிந்து, 'ஓட்டுநர் கோபத்தில் உள்ளார்' என்று குறித்திருந்தார்.

"ஹாய்ஸ்ட்னு எழுதியிருக்காங்களே, தெரியலையா?"

"புது லாரி மாடல்னு நெனச்சேம்மா. தினம் ஒரு பேர் வைக்கிறானுங்க."

விரலை வரிசையில் ஓட்டிக்கொண்டே வந்தேன். இருபத்தொன்பதாவது வரியில் விரல் நின்றது. முந்தின நாள் காலை. ஒரு கட்டட வேலையிடத்திலிருந்து. 'நிறுத்தினால் சுமை ஒரு சாண் இறங்கி நிற்கிறது. முன்பு இப்படி இல்லை. ஓட்டலாமா?' கீழே போன் நம்பர்.

விரற்கடை இறங்கினால் உரசிப் பிடிக்கிற லைனரின் தேய்மானம், ஒரு வாரம் பொறுக்கலாம். சாண் இறங்கினால் உள்ளே ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது. ஆறு ஸ்பிரிங் சேர்ந்து அமுக்கினால்தான் பிரேக். ஒன்று ஒடிந்தால் மற்றதன் மேல் பாரம் கூடும். அடுத்தது எப்போது ஒடியும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒடிந்தால் சாண் கணக்கெல்லாம் இல்லை, நேராகத் தரைதான்.

கூண்டிலிருந்தே போன் போட்டேன். எடுத்தவர் ஹாய்ஸ்ட் ஆபரேட்டர். பின்னால் சுத்தியல் சத்தம்.

"பிரேக் மேஜையிலேர்ந்து பேசறேன். நேத்து எழுதினீங்களே. ஹாய்ஸ்ட் ஓடுதா நிக்குதா?"

"ஓடுதுங்க. உங்க பதிலைக் காட்டினேன். லாரியை ஓரங்கட்டச் சொல்லியிருக்காங்க, நமக்கில்ல போலன்னு மேஸ்திரி ஓட்டச் சொல்லிட்டாரு."

"இப்ப ஏதாவது மேல தொங்குதா?"

"தொங்குது. நாலாவது மாடிகிட்ட. டைல்ஸ், நாப்பது பெட்டி."

"கீழ ஆள் இருக்கா?"

"சிமென்ட் கலக்கறவங்க ஏழெட்டுப் பேர்."

"அவங்களைத் தள்ளிப் போகச் சொல்லுங்க. நீங்க பட்டனைத் தொடாதீங்க. முதல்ல அவங்க."

அவர் கத்துவது கேட்டது. யாரோ எதிர்த்துக் கத்தினார்கள். கலவை காய்ந்துவிடுமாம்.

"அதட்டுங்க! காஞ்சா மறுபடி கலக்கலாம்னு சொல்லுங்க!" என்று நானும் இங்கிருந்து கத்தினேன். கேட் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"போயிட்டாங்க" என்றார் ஆபரேட்டர்.

"நல்லாக் கேளுங்க. இறக்கற பட்டனை அமுக்குங்க. அமுக்கினா தரை தொடற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. மோட்டார் ஓடற வரைக்கும் சுமையை மோட்டார் புடிச்சிக்கும். நடுவுல விட்டீங்கன்னா அது பிரேக் தலையில விழும், பிரேக்குக்கு இப்ப முடியல. யாரு கூப்பிட்டாலும் திரும்பாதீங்க. உங்க அம்மாவே கூப்பிட்டாலும் திரும்பாதீங்க."

"சுமை தரையில இடிச்சா?"

"இடிக்கட்டும். டைல்ஸ் உடைஞ்சா என்னைத் திட்டச் சொல்லுங்க. அமுக்குங்க."

மோட்டார் முனகல் போன் வழியாகக் கேட்டது. அந்த மோட்டாரை ஒன்றாம் மேஜை கட்டியது. எனக்கு அதன் சத்தம் தெரியும். சீராக இருந்தது. நான் எண்ணவில்லை, கண்ணை மூடவில்லை, வேண்டிக்கொள்ளவும் இல்லை. இறங்குகிற வேகமும் நாலு மாடி உயரமும் எனக்குத் தெரியும். இன்னும் எவ்வளவு என்று தெரிந்துகொண்டே கேட்டேன். கடைசியில் மரத்தில் இடித்த மாதிரி ஒரு சத்தம். கம்பிவடம் தளர்கிற சத்தமும் கேட்டது.

"இறங்கிடுச்சுக்கா" என்றார். அதுவரை மேடம் என்றுகூட அழைக்காதவர்.

"சுவிட்சை அணைங்க. சாவியை எடுத்துச் சட்டைப்பையில போடுங்க. மேஸ்திரி கேட்டா, நான் வந்து அவர்கிட்ட நேராப் பேசறேன்னு சொல்லுங்க."

போனை வைத்ததும் கேட் அண்ணன் கேட்டார்: "நான் தப்புப் பண்ணிட்டேனாம்மா?" தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"இல்லண்ணே. இந்தக் கம்பெனியில வந்த மெயிலைப் படிச்ச ஒரே ஆள் நீங்கதான். அந்த நோட்டைக் கொஞ்சம் கடன் குடுங்க."

ஆறாம் மேஜை வண்டியை ஓட்ட, நாற்பது நிமிடத்தில் அந்த இடத்துக்குப் போனோம். பிரேக் பெட்டியைத் திறந்தபோது ஆறில் இரண்டு ஸ்பிரிங் ஒடிந்து கிடந்தது, மூன்றாவதில் மயிரிழை விரிசல். மேஸ்திரி வேலை தாமதம் பற்றிப் பேச வாயைத் திறந்தார். நான் மூன்றாவதை இரண்டு விரலால் வளைத்தேன். டக் என்று ஒடிந்து அவர் காலடியில் விழுந்தது. அவரே குனிந்து எடுத்து என் கையில் கொடுத்தார். ஆறையும் மாற்றி, நாற்பது பெட்டிக்கு ஐம்பது பெட்டி ஏற்றி, பாதியில் நிறுத்திக் காட்டினேன். நின்றது. ஒரு நூல்கூட இறங்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவரின் மேஜையில் கேட் அண்ணனின் நோட்டையும் ஒடிந்த ஸ்பிரிங் மூன்றையும் வைத்தேன்.

"ஒண்ணு வந்தாக் காட்டச் சொன்னீங்களே தம்பி. முப்பது இருக்கு."

அவர் முதல் வரியைப் படித்தார். தன் சோதனை மெயிலைப் பார்த்ததும் முகம் மாறியது. கெட்டிக்காரர்தான், நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரே விளக்கினார்.

"பழைய டொமைனைப் புதுசுக்கு ஏலியாஸாப் போட்டேன்க்கா. அப்படிப் போட்டா, சுருள் குறிக்கு முன்னாடி என்ன பேர் இருக்கோ, அதே பேர்ல இங்க இருக்கற பெட்டியில போய் விழும். கணக்கு, விற்பனைன்னு ஆபீஸ் பெட்டிங்க பேரெல்லாம் ரெண்டு பக்கமும் ஒண்ணா வச்சிருந்தேன், அதெல்லாம் சரியாப் போச்சு. நாலுன்னு இங்க ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்திருக்கு. கேட்டுக்கு."

"அனுப்பிப் பாத்தீங்களே?"

"பாத்தேன். திரும்பி வரல. திரும்பி வரலன்னா போய்ச் சேந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"போய்ச் சேந்துச்சு. யாருகிட்டன்னு கேக்கல. ரெண்டு தெருவுக்கு ஒரே பேரை வச்சிட்டு, நாலாம் நம்பர் வீடு எந்தத் தெருவுலன்னு பாக்காமலே தபாலைப் போட்டிருக்கீங்க."

"ஆமா" என்றார். சாக்குச் சொல்லவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்குப் பாதிக் கோபம் இறங்கியது.

"நானும் மூணு மாசம் சும்மா இருந்தேன். அதையும் எழுதிக்கோங்க. சரி, மாத்த எவ்வளவு நேரமாகும்?"

"ஏலியாஸை எடுத்துட்டு, பழசைத் தனி டொமைனா வச்சு, ஒவ்வொரு மேஜையையும் அதது பெட்டிக்குத் திருப்பி விடணும். அரை மணி."

"பண்ணுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

"உக்காருங்கக்கா."

"நின்னுதான் பழக்கம்."

அவர் தட்டத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, திரும்பாமலே கேட்டார்: "வருஷா வருஷம் அந்தப் பேரைப் புதுப்பிக்கணும். விட்டுட்டா வேற எவனாவது வாங்கிடுவான். உங்க தகட்டைப் பாத்து எழுதறதெல்லாம் அவன் கைக்குப் போகும். மேல கேப்பாங்க, எத்தனை வருஷத்துக்குன்னு. என்ன சொல்லட்டும்?"

"கடைசித் தகடு பழைய இரும்புக்குப் போற வரைக்கும்."

"அது எப்பப் போகும்?"

"நான் செஞ்ச பெட்டி. இருபத்தஞ்சு வருஷம்னு போடுங்க."

"அவ்வளவு காலம் நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன்."

"மேஜை இருக்கும்ல. போடுங்க."

போட்டார். மேலே அனுப்பும் குறிப்பில் 'நிறுத்தலாம்' என்று இருந்ததை அடித்துவிட்டு, இருபத்தைந்து என்று எழுதி, என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அப்புறம் தகட்டு விலாசத்துக்கு ஒரு மெயில் அனுப்பினார். என் போனில் பிரேக் பெட்டி சிணுங்கியது. "யாருக்கு வந்துச்சு?" என்று இந்தத் தடவை அவரே கேட்டார்.

"எனக்கு."

"கேட்டுக்கு வரலயான்னும் கேட்டுடறேன்" என்று அவர் நான்காம் கேட்டுக்குப் போன் போட்டார். வரவில்லையாம். அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம் போலிருந்தது. தினம் ஒன்றிரண்டு வந்தால் பொழுது போகும் என்றாராம்.

அன்று பகல் முழுக்க நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். நம்பர் கொடுத்தவர்களைப் போனில் பிடித்தேன், கொடுக்காதவர்களுக்கு எழுதினேன். நான்கு இடங்களில் ஹாய்ஸ்டை நிறுத்தச் சொன்னேன். மற்றவை பொறுக்கும். ஆறாம் மேஜை தன் வேலையை ஓரமாக வைத்துவிட்டு, வண்டிக்கு ஸ்பிரிங்கும் லைனரும் அடுக்கினார். "வீட்ல ஒரு டம்ளர் எடுத்து வைக்க மாட்டீங்க" என்றேன். "வீட்ல யாரும் எனக்குத் தகடு அடிச்சு ஒட்டலயே" என்றார்.

மூன்று மணிக்குப் பெட்டி தானாகச் சிணுங்கியது. யாரும் சோதிக்க அனுப்பியதில்லை, நான் எழுதியதற்கு வந்த பதிலும் இல்லை. ஒரு மாவு ஆலையிலிருந்து புதிதாக ஒன்று. எழுத்துக்கு எழுத்து கோபம். பட்டறை இருக்கிறதா, செத்துவிட்டதா என்று கேட்டிருந்தார். எங்கள் பிரேக்கையும், அதைச் செய்தவனையும், செய்தவனின் அப்பனையும் தனித்தனி வரியில் திட்டியிருந்தார். கடைசியில் மட்டும் ஒரு நம்பர்.

மற்ற மேஜைகளில் இருந்த எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். என் அப்பாவைத் திட்டிய இடத்தில் கைதட்டினார்கள்.

அந்த நம்பரைக் கூப்பிட்டேன். நான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் மறுபடி ஆரம்பித்துவிட்டார். பேனா மூடியைப் பல்லால் கழற்றி, தாளை இழுத்து வைத்துக்கொண்டேன்.

"திட்டுங்கண்ணே, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன். "நடுவுல மூச்சு விடறப்ப, எந்த ஆலை, எத்தனாவது மாடின்னு மட்டும் சொல்லிடுங்க. வண்டி கெளம்பத் தயாரா நிக்குது."